டைவ் கம்ப்யூட்டர் தேர்ந்தெடுத்த நாற்பது நாள்

பெரியவளே, சின்னவனே, இதை நீங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள். ஒருத்தர் படித்துவிட்டு இன்னொருத்தருக்குச் சுருக்கிச் சொல்ல வேண்டாம். நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் உங்கள் மாமா சாப்பிட வந்திருந்தான். கைத்தடியைப் பிரிட்ஜ் பக்கத்தில் சாத்திவிட்டு, இடது காலைக் கையால் தூக்கி மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அப்போது சின்னவன் விளையாட்டாக ஒன்று சொன்னான்.

"மாமாவுக்கு அந்த மிஷின்ல நம்பர் பாக்கத் தெரியல. அதான் கடலுக்குள்ளயே ரொம்ப நேரம் இருந்துட்டாரு."

மாமாவும் சிரித்தான். "ஆமாண்டா. ஒங்க மாமனுக்குச் சுவத்துல மாட்டுன கடிகாரமே பாக்கத் தெரியாது. இதுல கம்ப்யூட்டர் வேற. கொழம்ப இந்தப் பக்கம் தள்ளு."

"சும்மா இருடா," என்று உங்கள் அம்மா சின்னவனை அதட்டினாள். "அவன் என்ன பண்ணுவான்? பாழாப்போன மிஷின் தப்பா காட்டிடுச்சு."

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா என் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, மீன் முள்ளைப் பிரித்து எடுப்பதில் இறங்கிவிட்டான். நம் வீட்டில் அவன் காலைப் பற்றி இரண்டு கதை ஓடுகிறது. அவனுக்குப் பார்க்கத் தெரியவில்லை என்பது ஒன்று. மிஷின் கெட்டுப்போயிருந்தது என்பது இன்னொன்று. இரண்டும் இல்லை. நடந்தது எனக்கும் அவனுக்கும் தெரியும். அவன் சொல்ல மாட்டான். அதனால் நான் எழுதுகிறேன்.

இது நடந்தபோது சுனாமி வந்து மூன்று நாலு வருடம் ஆகியிருந்தது. பெரியவள் ஒண்ணாவது போய்க்கொண்டிருந்தாள். சின்னவன் அம்மா இடுப்பில் இருந்தான். சாரம் பகுதியில் இப்போது இருக்கும் இதே வீடுதான், மாடி மட்டும் கிடையாது. அதற்கும் சில வருடம் முன்னால், உங்கள் தாத்தா வேலை பார்த்த மில் மூடிய பிறகு, நான் டயர் கடையில் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். அங்கே வண்டியோடு வந்த ஒருவர், நான் கம்ப்ரஸரைப் பிரித்துப் போட்டுச் சரி செய்வதைப் பார்த்துவிட்டு, தன்னிடம் வேலைக்கு வரச் சொன்னார். அவர் சொல்தா வீட்டுப் பிள்ளை. அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். இவர் பிரெஞ்சுக்காரர்கள் ஊரிலேயே வளர்ந்து, கடலுக்கடியில் முழுகக் கற்றுக்கொண்டு, இங்கே வந்து வெளியூர்க்காரர்களைக் கடலுக்குள் கூட்டிப்போய்க் காட்டும் தொழில் தொடங்கியிருந்தார். எல்லோரும் அவரை மிசியே என்போம், பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி.

முதலில் சிலிண்டருக்குக் காற்று நிரப்பும் வேலை. பிறகு அவரே எனக்கு முழுகக் கற்றுக்கொடுத்து, பரீட்சை எழுத வைத்து, கைடு ஆக்கினார். இரண்டு வருடம் கழித்து உங்கள் மாமாவை நான்தான் அங்கே கூட்டிக்கொண்டு போனேன். அதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

டைவ் கம்ப்யூட்டர் என்றால் மேஜைமேல் இருக்கும் கம்ப்யூட்டர் இல்லை. பெரிய வாட்ச் மாதிரி மணிக்கட்டில் கட்டிக்கொள்வது. அது ஏன் வேண்டும் என்று சொன்னால்தான் மற்றது புரியும். கடலுக்கடியில் சிலிண்டர் காற்றை மூச்சு இழுக்கும்போது அந்தக் காற்றில் இருக்கும் நைட்ரஜன் உடம்புக்குள் ஊறும், துணியில் ஈரம் ஏறுகிற மாதிரி. ஆழம் கூடக் கூட, நேரம் கூடக் கூட, ஈரமும் கூடும். மேலே வந்த பிறகு மெல்ல மெல்லத்தான் காயும். காய்வதற்குள் மறுபடி முழுகினால் பழைய ஈரத்தின்மேல் புது ஈரம் ஏறும். அளவு மீறினால் மேலே வரும்போது அது குமிழ் குமிழாகி உடம்புக்குள் எங்கேயாவது போய் அடைத்துக்கொள்ளும். கட்டியிருக்கும் கம்ப்யூட்டர், அந்த மனிதன் காலையில் எவ்வளவு நனைந்தான், இதுவரை எவ்வளவு காய்ந்திருக்கிறான், இன்னும் எத்தனை நிமிடம் கீழே இருக்கலாம் என்று ஒரு எண்ணாகக் காட்டும். அது பார்த்துக்கொள்வது ஒரே ஒரு உடம்பை. யார் கையில் இருக்கிறதோ அந்த உடம்பை.

மிசியே வகுப்பில் இதைச் சொல்லும்போது, "பல் வெளக்கற பிரஷ் மாதிரி. அடுத்தவனுக்குக் குடுக்கக் கூடாது" என்பார். நம் வீட்டில் பிரஷ்ஷைத் தவிர எல்லாமே பொதுதான். நானும் மாமாவும் ஒரே சைக்கிள். ஒரே செல்போன். கல்யாணத்துக்குப் போட்டுப்போகும் நல்ல சட்டைகூட ஒன்றை மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறோம்.

ஒரு நாள் என் கம்ப்யூட்டர் கெட்டுப்போனது. கடலிலிருந்து வந்து நல்ல தண்ணீரில் அலசும்போது கண்ணாடிக்குள் ஆவி படிந்திருந்தது. பேட்டரி மூடி வழியாக உப்புத் தண்ணீர் போயிருந்தது. மறுநாள் காலையில் முகம் வெள்ளையாக இருந்தது, ஒரு எண் இல்லை. மிசியே பார்த்துவிட்டு இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார். மேஜை இழுப்பறையிலிருந்து வழவழப்பான ஒரு புத்தகத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். விதவிதமான டைவ் கம்ப்யூட்டர் படம் போட்ட புத்தகம்.

"மிஷின் விஷயம் ஒனக்குத்தான் தெரியும். நீயே பாத்து எது வேணும்னு சொல்லு. ஒரு தடவதான் ஆர்டர் போடுவேன். அப்பறம் மாத்தித் தரச் சொல்லக் கூடாது."

என் கேடு அங்கே தொடங்கியது. நம்புவீர்களோ என்னவோ, அதற்கு முன்னால் என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் ஒரு பொருளைக் காட்டி எது வேண்டும் என்று கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் கொடுத்த துணியைப் போட்டேன். ரேஷனில் போட்ட அரிசியைச் சாப்பிட்டேன். எனக்குப் பெண்கூட எங்கள் அத்தை பார்த்து முடித்ததுதான், அதில் குறையொன்றும் இல்லை. முதல் தடவையாக எனக்கு முன்னால் பதினெட்டு படம் இருந்தது. அதில் ஒன்றை நான் சுட்டிக் காட்டினால் கடல் தாண்டி அது வரும். அந்தப் புத்தகத்துக்குப் பழுப்புத் தாளில் அட்டை போட்டேன், பெரியவளின் பாடப் புத்தகத்துக்குப் போட்ட தாளில் மீந்ததை வைத்து.

அவளுடைய பாதி எழுதிய வீட்டுப்பாட நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு கோடு போட்டேன். பேட்டரியை நாமே மாற்றலாமா, எண் பெரிதாக இருக்கிறதா, கலங்கல் தண்ணீரில் வெளிச்சம் வருமா, வார் ரப்பரா பிளாஸ்டிக்கா. நேரு வீதியில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஒற்றை விரலால் தட்டித் தட்டிப் பார்த்தேன். முழுக வருகிறவர்களின் கையைப் பிடித்துப் பார்த்துக் கேட்டேன். பெங்களூரிலிருந்து வந்த ஒருவர், பேட்டரி நாமே மாற்றுகிற மாதிரி இருந்தால் போதும், மற்றதெல்லாம் ஏமாற்று என்றார். அன்று அதற்கு நேராக டிக் போட்டேன். மறுவாரம் ஒரு பிரெஞ்சு டாக்டரம்மா, பேட்டரி மூடியைத் திறக்கத் திறக்கத்தான் தண்ணீர் போகும், கம்பெனிக்கே அனுப்பி மாற்றுவதுதான் நல்லது என்றார். டிக்கை அழித்தேன். சென்னைக்காரர் ஒருவர் கையில் இருந்தது சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம் என்பதையும் சேர்த்துக் காட்டியது. அதைப் பார்த்த பிறகு இரண்டு நாள் வேறு நினைப்பே இல்லை.

"புடவ எடுக்கறதுக்கு நான் அர மணி நேரம் நின்னா கட வாசல்ல போயி நின்னுக்குவீங்க," என்றாள் உங்கள் அம்மா. "இப்ப ஒரு வாட்ச்சுக்கு ஒரு மாசமா?"

"வாட்ச்சு இல்ல. உசுரு சமாச்சாரம்," என்றேன். இந்த வார்த்தையை நான் சொன்னேன் என்பது இன்றைக்கும் காதில் கேட்கிறது.

மாமா அந்தப் புத்தகத்தை ஒரு தடவைகூடப் புரட்டவில்லை. "எதுனா ஒண்ண சொல்லித் தொல மாமா. கறுப்பா இருந்தா போதும். செவப்புல வேணாம், மீனெல்லாம் பயந்துக்கும்."

இதற்கிடையில் வேலை நிற்கவில்லை. அது சீசன். வாரத்தில் நாலு நாள் படகு போனது. என் கையில் கம்ப்யூட்டர் இல்லை. மாமாவிடம் அவனுடையது இருந்தது. வாரில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்திருப்பான், அதுதான் அவன் அடையாளம். கம்ப்யூட்டர் இல்லாதவன் பழைய முறையில் அட்டவணையைப் பார்த்து முழுக வேண்டும். இவ்வளவு ஆழத்துக்கு இவ்வளவு நிமிடம் என்று அச்சடித்த பிளாஸ்டிக் அட்டை, அறையில் ஆணியில் தொங்கியது. ஆனால் அட்டவணை கறாரானது, நேரத்தைக் குறைத்துத்தான் கொடுக்கும். காசு கொடுத்து வந்தவர்கள் அதற்குள்ளேயா என்று முகம் சுளிப்பார்கள். மிசியே கேட்டபோது, "டேபிள் வச்சுப் பாத்துக்கறோம் மிசியே" என்றேன். பார்த்துக்கொள்ளவில்லை. மாமாவுடையதை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டோம்.

முதலில் யோசித்துத்தான் செய்தோம். ஒரு நாள் முழுக்க அவன், அடுத்த நாள் முழுக்க நான். கட்டாதவன் கட்டியவனுக்குப் பக்கத்திலேயே, ஒரு கை உயரம் மேலேயே இருக்க வேண்டும். பத்துப் பதினைந்து நாளில் அது தளர்ந்து காலையில் ஒருத்தன், மத்தியானம் ஒருத்தன் என்று ஆனது. படகோட்டி எங்களைப் பார்த்துச் சிரிப்பார். "என்னாப்பா, மோதரம் மாத்தற மாதிரி மாத்திக்கறீங்க. தாலி எப்ப?"

"அவரு எங்க அக்கா புருஷன்," என்பான் மாமா. "ரெண்டு பேரு ஒடம்பும் ஒரே ஊட்டு சோத்துலதான் வளருது. மிஷினுக்கு வித்தியாசம் தெரியாது."

நானும் சிரித்தேன். அந்த வாரத்தில்தான் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே செய்யக் கூடாதவற்றைப் படமாகப் போட்டிருந்தார்கள். ஒரு ஆள் கையிலிருந்து கழற்றிய கம்ப்யூட்டரை இன்னொரு ஆளிடம் நீட்டுகிறான். அதன்மேல் பெரிதாகப் பெருக்கல் குறி. அதற்கு இங்கிலீஷ் தெரிய வேண்டாம். எனக்குப் புரிந்தது. புரிந்த பிறகு முன்பக்கம் புரட்டி, சாம்பல் நிற வாரா கறுப்பு வாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு இரண்டு கூட்டம் வந்திருந்தது. காலையில் முதல் தடவையாக முழுக வந்தவர்கள். அவர்களை நான் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் இறக்கவில்லை. காலை முறை என்னுடையது, அதனால் மாமாவின் கம்ப்யூட்டர் என் கையில் இருந்தது. நாங்கள் கீழே இருந்த நேரத்தில் படகின் நங்கூரம் பாறையில் மாட்டிக்கொண்டது. இறங்கி அதை எடுத்துவிட மாமாதான் இருந்தான். அந்த இடத்தில் ஆழம் முப்பது மீட்டருக்குக் குறையாது. தனியாக இறங்கினான். எடுத்துவிட்டு வந்து, கனத்துக்காக இடுப்பில் கட்டும் ஈயக்கட்டி கோத்த பெல்ட் ஒன்று கீழே விழுந்து கிடப்பதைப் பார்த்ததாகச் சொல்லி மறுபடியும் இறங்கினான். எவ்வளவு நேரம் இருந்தான் என்று அவன் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு அவன் கையில் ஒன்றும் இல்லை. அவனுடையது என் கையில், பன்னிரண்டு மீட்டரில் இருந்தது.

நான் மேலே வந்தபோது படகில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நங்கூரத்தைப் பற்றிச் சொன்னான். நானும் கேட்டுக்கொண்டேன். கேட்ட பிறகும் ஒன்றும் தோன்றவில்லை என்று எழுதினால் அது பொய். தோன்றியது. மத்தியானம் நீ இறங்காதே, நான் போகிறேன் என்று வாய் வரைக்கும் வந்தது. மத்தியானக் கூட்டத்தை நான் கூட்டிப்போனால், மேலே வர நேரமாகும். அன்று மாலை பிரவுசிங் சென்டருக்குப் போக வேண்டும் என்று நினைத்திருந்தேன். கடைசியாக இரண்டு மாடலில் வந்து நின்றிருந்தேன். ஒன்றைப் பற்றி யாரோ நிறைய எழுதியிருப்பதாக அந்தச் சென்னைக்காரர் சொல்லியிருந்தார்.

ஒரு கையால் அந்த வாரைப் போட்டுக்கொள்வது கஷ்டம். மாமா கையை நீட்டினான். என் கையிலிருந்து கழற்றி நானே அவன் கையில் கட்டிவிட்டேன். இறுக்கமா என்று கேட்டேன். சரியா இருக்கு என்றான்.

மத்தியானம் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு இருபத்தெட்டு மீட்டருக்கு இறங்கினான். கம்ப்யூட்டர் அவனுக்கு நிறைய நிமிடம் காட்டியது. காட்டாமல் என்ன செய்யும்? அதற்குத் தெரிந்தது காலையில் பன்னிரண்டு மீட்டரில் லேசாக நனைந்த என் உடம்பு. உங்கள் மாமா சொட்டச் சொட்ட நனைந்திருந்தது அதற்கு எப்படித் தெரியும்? அது காட்டிய நேரத்துக்கு ஒரு நிமிடம்கூட அதிகமாக அவன் இருக்கவில்லை. பாறை இடுக்கில் பெரிய களவா மீன் ஒன்றை எல்லோருக்கும் காட்டினான். மெல்ல ஏறினான். ஈரம் காய ஐந்து மீட்டரில் நிற்க வேண்டிய மூன்று நிமிடம் நின்றான். சின்னவனே, அவனுக்கு எண் பார்க்கத் தெரியாது என்று இனிமேல் சொல்லாதே. அன்றைக்கு அந்தப் படகில் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தவன் அவன் ஒருவன்தான்.

"இன்னிக்கி மிஷின் ரொம்பத் தாராளம் மாமா," என்றான் மேலே வந்து. "வாரிக் குடுக்குது."

மாலையில் நம் வீட்டில்தான் இருந்தான். இடுப்பு வலிக்கிறது என்றான். சிலிண்டர் தூக்கியதில் பிடித்திருக்கும் என்று அவனே சொன்னான். உங்கள் அம்மா உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தாள். அப்போது என்னிடம் மட்டும் சொன்னான்.

"காலெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு மாமா."

எறும்பு ஊர்வது என்றால் என்ன என்று பரீட்சைக்கு நான் படித்து எழுதியிருக்கிறேன். அதற்கு முதல் மருந்து ஆக்சிஜன், அலுவலக அறையில் அந்தச் சிலிண்டர் இருந்தது, நிரப்பி வைத்ததே நான்தான். சைக்கிளில் போனால் கால் மணி நேரம். நான் போகவில்லை. போனால் அது குமிழ்தான் என்று ஆகிவிடும். போகாமல் இருந்தால் வெறும் சுளுக்காக இருந்துவிடலாம்.

"படுத்து எழுந்தா சரியாயிடும்," என்றேன்.

காலையில் அவனால் ஒன்றுக்குப் போக முடியவில்லை. எழுந்து நிற்க முயன்று, சுவரைப் பிடித்தபடியே கீழே சரிந்தான். ஆட்டோவில் போட்டுக்கொண்டு கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே உடனே ஆக்சிஜன் வைத்தார்கள். இதற்கு அழுத்த அறை வேண்டும், சென்னையில்தான் இருக்கிறது என்று ஆம்புலன்ஸ் ஏற்பாடு செய்து அனுப்பினார்கள். யாரும் ஒரு நிமிடம் வீணாக்கவில்லை. வீணாகிய நேரம் முந்தின நாளே போய்விட்டது.

சென்னையில் டாக்டர் கம்ப்யூட்டரைக் கேட்டார். கொடுத்தேன். பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தார். "காலையில பன்னெண்டு மீட்டர். மத்தியானம் இருபத்தெட்டு, அதுவும் அளவுக்குள்ள. இதுக்கு இவ்ளோ வரக் கூடாதே," என்றார். உங்கள் அம்மா பக்கத்தில் நின்றாள். மாமா ஸ்ட்ரெச்சரில் கண்ணை மூடியிருந்தான். டாக்டர் வெளியே போனதும் பின்னாலேயே போய் வராந்தாவில் நிறுத்திச் சொன்னேன்.

"சார், அந்தப் பன்னெண்டு மீட்டர் நான். அவன் முப்பது. ரெண்டு தடவ."

அவர் என்னைத் திட்டவில்லை. "எத்தன நிமிஷம்?" என்றார்.

"தெரியாது சார்."

"யாருக்குமே தெரியாதா?"

"தெரியாது சார்."

அவர் எதையோ எழுதிக்கொண்டு வேகமாக நடந்தார். நான் திரும்பி வந்தபோது உங்கள் அம்மா கேட்டாள். "டாக்டர் என்ன சொன்னாரு? மிஷின் தப்பா காட்டிடுச்சா?"

"ஆமா," என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. அந்த ஒரு வார்த்தையைத்தான் இத்தனை வருடம் உங்கள் அம்மா உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மிஷின் தப்பாகக் காட்டவில்லை. என்னைப் பற்றிச் சரியாகக் காட்டியது. நான் அதை அவன் கையில் கட்டிவிட்டேன்.

அழுத்த அறை என்பது இரும்பு உருளை. படுக்க வைத்து, கதவை மூடி, மறுபடி கடலுக்கடியில் இறக்குகிற மாதிரி அழுத்தத்தை ஏற்றி, மெல்ல மெல்லக் குறைப்பார்கள். பக்கத்தில் வட்டமான சின்னக் கண்ணாடி. அதில் முகத்தை வைத்துப் பார்த்தேன். நாங்கள் முழுக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது கைச் சைகை. தண்ணீருக்குள் பேச முடியாதல்லவா. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்தால், நன்றாக இருக்கிறாயா என்று கேள்வி. நன்றாக இருந்தால் அதே வளையத்தைத் திருப்பிக் காட்ட வேண்டும். நான் கண்ணாடிக்கு வெளியிலிருந்து வளையம் காட்டினேன். அவன் கையை விரித்து, இப்படியும் அப்படியும் ஆட்டினான். எங்கேயோ கோளாறு என்று அர்த்தம். பிறகு எந்த இடம் என்று சுட்டிக் காட்ட வேண்டும். அவன் சுட்டிக் காட்டினான். இரண்டு காலையும்.

எத்தனையோ நாள் அந்த உருளைக்குள் போய் வந்தான். வலது கால் வந்தது. இடது கால் பாதிதான் வந்தது. மற்ற தொந்தரவை அவன் வெளியில் சொல்ல மாட்டான், நீங்களும் கேட்காதீர்கள். அவனுக்குப் பார்த்து வைத்திருந்த பெண் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை, ஆளும் அனுப்பவில்லை. பெரிய மார்க்கெட்டில் வெங்காயக் கடையில் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறானே, அது அவனுக்கு நடக்கத் தேவையில்லாத வேலை என்பதால் கிடைத்தது. அப்போது அவனுக்கு இருபத்தேழு வயது.

ஊருக்கு வந்த பிறகு ஒரே ஒரு தடவை அவனிடம் பேசினேன். அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன்.

"மிஷின்னே இருக்கட்டும் மாமா," என்றான். "நீ எதுனா சொல்லிக்கினு கெடந்தன்னா அவ ஒன்னையும் உடமாட்டா, என்னையும் உடமாட்டா. நான் குடுத்தேன், நீ கட்டிக்கின. புடுங்கிக்கினு போவலயே."

அவன் அப்படிச் சொன்னது எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருப்பான். இல்லை. அவன் ஒரு நாளாவது என் சட்டையைப் பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எனக்கு எதிரில் உட்கார்ந்து குழம்பைத் தள்ளச் சொல்கிறான்.

நான் கொஞ்ச நாள் முழுகிப் பார்த்தேன், முடியவில்லை. ஐந்து மீட்டரில் அந்த மூன்று நிமிடம் நிற்க முடியவில்லை. இப்போது சிலிண்டருக்குக் காற்று நிரப்புவதோடு சரி. அப்பா ஏன் கடற்கரை ரோட்டுக்கு வந்தாலும் தண்ணீரில் காலை நனைப்பதில்லை என்று பெரியவள் ஒரு தடவை கேட்டாளே, அதற்கும் இதுதான் பதில்.

இதை எழுதிவிட்டால் பாரம் குறையும் என்று நான் நினைக்கவில்லை. அவன் கால் வராது. உங்கள் அம்மா இதைப் படித்த பிறகு என்னோடு பேசுவாளா என்று தெரியாது. மாமாவைப் பற்றி யாராவது சிரித்தால் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்காமல் இருக்க வேண்டும். அதற்காக எழுதினேன்.

ஒன்று மிச்சம் இருக்கிறது.

மாமா சென்னையில் இருந்தபோது மிசியே என்னிடம் எந்த மாடல் என்று கேட்கவில்லை. புத்தகத்தையும் நோட்டையும் கேட்கவில்லை. யாருக்கோ போன் செய்து, இருப்பதில் சாதாரணமானதில் இரண்டு அனுப்பு என்றார். நான் பக்கத்திலேதான் நின்றேன். பேசி முடித்து வைக்க ஒரு நிமிடம் ஆகியிருக்காது. மூன்றாம் நாள் கூரியரில் இரண்டு பெட்டி வந்தது. நான் நாற்பது நாள் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்த பொருள் மூன்று நாளில் வந்தது. கறுப்பு வார்.

அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். சாமான் அறையில் நான் மட்டும் இருந்தேன். இரண்டு பெட்டியையும் பிரிக்காமல் அலமாரியில் வைத்தேன். மாமாவின் மரப்பெட்டியைத் திறந்தேன். அவனுடைய பழைய கம்ப்யூட்டரை ஆஸ்பத்திரியிலிருந்து நான்தான் கொண்டுவந்திருந்தேன். அதை உள்ளே வைக்கும்போது அடியில் அவனுடைய பதிவு நோட்டு இருந்தது. ஒவ்வொரு முழுக்குக்கும் ஒரு வரி. ஆழம், நேரம், கடைசிக் கட்டத்தில், உடன் முழுகியவரின் கையெழுத்து. அவனுக்கு எழுதுவதென்றால் சோம்பல். பிறகு நிரப்பிக்கொள்கிறேன் என்பான், நானும் ஒரு பக்கம் முழுக்க முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவேன்.

அந்த நாளின் காலை வரியில் தேதி மட்டும் இருந்தது, ஆழமும் நேரமும் காலி. கடைசிக் கட்டத்தில் என் கையெழுத்து இருந்தது.

பேனாவை எடுத்து ஆழம் என்ற கட்டத்தில் முப்பது என்று எழுதினேன். நேரம் என்ற கட்டத்தில் தெரியாது என்று எழுதினேன். பிறகு என் கையெழுத்தின்மேல் ஒரு கோடு போட்டு அடித்தேன். நோட்டை மூடி அவன் பெட்டியிலேயே வைத்து, மூடியை அழுத்திவிட்டு, கம்ப்ரஸரைப் போடப் போனேன்.